“13 எச்.பி. தாங்கும் சார்” – இதை நம்பி கிளட்ச் வாங்காதீர்கள்

சின்ன இன்ஜினை வைத்து வீட்டிலேயே நாலு சக்கர வண்டி கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேஸிஸ், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு கிளட்சில் கோட்டை விட்டேன். அதில் பாதி என் அவசரம். மீதிப் பாதி, ஆன்லைனில் எனக்கு அதை விற்றவரின் கைவரிசை.

என் வண்டியில் இருப்பது 196 சிசி இன்ஜின், ஆறரை எச்.பி. என்று சொல்லி விற்கிற வகை. ஷாஃப்ட் முக்கால் இஞ்ச். டயர் 18 இஞ்ச். பின் ஆக்சிலில் 40 பல் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். இரண்டு பேர் உட்காரலாம், மேடும் ஏற வேண்டும். இவ்வளவையும் பணம் கட்டும் முன்பே எழுதி அனுப்பி, எந்த கிளட்ச் சரிவரும் என்று கேட்டேன். பதில் உடனே வந்தது.

“சார், இந்த மாடல் 13 எச்.பி. வரைக்கும் தாங்கும். உங்களோடது ஆறரைதானே? கண்ணை மூடிட்டுப் போடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன்.

பெட்டியில் வந்தது 10 பல் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் ஷூக்கள் தானாக விரிந்து, வெளியே இருக்கும் டிரம்மைப் பிடித்துச் சுற்ற வைக்கும் வகை. ஷாஃப்டில் செருகியதும் லொடலொட என்று ஆடியது. வெர்னியரை எடுத்து அளந்தால் ஷாஃப்ட் 19.05 மி.மீ., கிளட்சின் துளை 20 மி.மீ. ஏறக்குறைய ஒரு மில்லி இடைவெளி. ஷாஃப்டோடு கிளட்சைச் சேர்த்துச் சுற்ற வைக்கும் சின்ன இரும்புத் துண்டான கீயும் பள்ளத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. விளம்பரத்தில் முக்கால் இஞ்ச் என்றுதான் போட்டிருந்தார்கள். கேட்டால், “முக்கால் இஞ்சும் 20 மில்லியும் ஒண்ணுதான் சார், ஒரு தகரத்தைச் சுத்திப் போடுங்க, டைட்டாயிடும்” என்றார். அங்கேயே நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? தகரத்தை வெட்டிச் சுற்றினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் மொத்தம் 40 நிமிடம் ஓடியிருக்கும். சமதளத்தில் நன்றாகவே போனது. இரண்டு பேராக மேட்டில் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் ஒரு கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் டிரம்மின் விளிம்பில் நீலமும் ஊதாவுமாக வளையம் பாய்ந்திருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர எவ்வளவு சூடேற வேண்டும் என்று லேத் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

ஆறவிட்டு, பக்கத்தில் நின்றபடி கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் பிடித்ததுதான் தாமதம், ஆளில்லாத வண்டி தானாகக் கிளம்பிவிட்டது. ஐட்லிங்கில்தான் இருந்தது, ஆக்சிலரேட்டரை யாரும் தொடவில்லை. ஸ்டாப் ஸ்விட்ச் கைக்கு எட்டியதால் தப்பித்தேன். கழற்றிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஷூக்களை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் சூட்டில் தளர்ந்து போயிருந்தன. அதனால் குறைந்த சுற்றிலேயே ஷூ விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டது. ஒரு ஷூவில் உரசிப் பிடிக்கும் மேல்பூச்சான லைனிங் தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது.

பணம் கேட்டபோது அவர் சொன்னது: “நீலம் பாஞ்சிருக்கு சார், இது ஓட்டினவங்க தப்பு. மாட்டின ஐட்டத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” சரி, துளை அளவு தப்பாக வந்ததே என்றேன். “அதான் தகரம் சுத்தியிருக்கீங்களே, அப்ப பிரச்சினை இல்லைனுதானே அர்த்தம்?” என்றார். அவர் சொல்லித்தான் சுற்றினேன் என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. அது போனில் பேசியது. எச்.பி. சமாச்சாரம் மட்டும் எழுத்தில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது?

இனி, நான் முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்குக்கு வருகிறேன்.

சென்ட்ரிஃபியூகல் கிளட்சுக்கு இன்ஜின் சுற்று மட்டும்தான் தெரியும். குறிப்பிட்ட ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) வந்தால் ஷூ விரிந்து டிரம்மில் உரச ஆரம்பிக்கும், இன்னும் கொஞ்சம் ஏறினால் வழுக்காமல் பிடிக்கும். 2200 ஆர்.பி.எம்.மில் முழுசாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு முன்னால் 10 பல், பின்னால் 40. அதாவது 4-க்கு 1. அப்போது ஆக்சில் நிமிடத்துக்கு 550 சுற்று சுற்ற வேண்டும். 18 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்கு 1.44 மீட்டர் போகும். பெருக்கிப் பாருங்கள், மணிக்கு சுமார் 47 கி.மீ. வருகிறது. அந்த வேகத்தைத் தொடும் வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும்! மேட்டில் நான் போனது பத்தோ பதினைந்தோ. சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தி டிரம்மைச் சுடவைத்துக்கொண்டிருந்தது. இதில் 13 எச்.பி. தாங்கினால் என்ன, 30 எச்.பி. தாங்கினால் என்ன?

அதே கிளட்சை 11 இஞ்ச் டயரும் பின்னால் 60 பல்லும் உள்ள சின்ன கோ-கார்ட்டில் போட்டால், சுமார் 19 கி.மீ. வேகத்திலேயே பிடித்துவிடும். சமதளத்தில் ஒரே ஆள் ஓட்டும் வண்டிக்கு அது போதும், விலையும் குறைவு. ஆகவே சென்ட்ரிஃபியூகல் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. பெரிய டயர், பாரம், மேடு என்று வந்துவிட்டால் அது ஆகாது. என் வண்டி விவரத்தைப் படித்த எந்த வியாபாரியும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இவரிடம் கையிருப்பில் இருந்தது இது ஒன்றுதான் போலிருக்கிறது.

இப்போது டார்க் கன்வர்ட்டர் போட்டிருக்கிறேன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஆட்டோமேட்டிக் காரில் இருக்கும் எண்ணெய் சமாச்சாரம் இல்லை இது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது போல இரண்டு புல்லி, நடுவில் பெல்ட். நான் வாங்கியது 30 சீரீஸ் வகை. கிளம்பும்போது சுமார் 2.7-க்கு 1, வேகம் ஏறிய பிறகு 0.9-க்கு 1 என்று தானே மாறிக்கொள்ளும். கூடவே பின் ஸ்ப்ராக்கெட்டை 60 பல்லாக மாற்றினேன். அதே 2200-ல் இப்போது 12 கி.மீ. வேகத்துக்குள்ளேயே பிடித்துவிடுகிறது. மேட்டில் இரண்டு பேரோடு முனகாமல் ஏறுகிறது. இந்த வகையில் பெல்ட் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்காது. தட்டையான பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். அதையும் முதலில் திருப்பிப் போட்டேன் என்பது வேறு கதை.

வாங்கும் முன் விற்பவரிடம் எச்.பி.யைக் கேட்காதீர்கள். எத்தனை ஆர்.பி.எம்.மில் பிடிக்க ஆரம்பிக்கும், துளை எத்தனை மில்லி, கீ பள்ளம் எவ்வளவு அகலம், எத்தனை பல், எந்தச் செயின் என்று கேளுங்கள். 35-ம் நம்பர் செயினின் பிட்ச், அதாவது ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், 9.525 மி.மீ., 420 செயினுக்கு 12.7. இரண்டையும் கலக்க முடியாது. பதில் எழுத்தில் வரட்டும். பார்சல் வந்ததும், மாட்டுவதற்கு முன்னால் வெர்னியரை துளையில் வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் என்றால், மாட்டிய பிறகு ஷாஃப்டின் மேல் டிரம் சுற்றுவதற்காக உள்ள புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும், அதிகமானால் தெறித்து ஷூவில் படும், படக் கூடாது. முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஐட்லிங்கில் சக்கரம் வேகமாகச் சுற்றினால் எங்கோ கோளாறு.

போன வாரம் வேறு ஒரு பெயரில் அந்த விற்பனையாளரிடம் மறுபடி கேட்டுப் பார்த்தேன். எந்த ஆர்.பி.எம்.மில் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது.

“13 எச்.பி. வரைக்கும் தாங்கும் சார்.”