குவாரி, லைல், ஷேவர்ஸ்: பட்டம் கிடைக்காத மூவரில் யார் பெரிய ஆள்?

எழுபதுகளின் ஹெவிவெயிட் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் என்று மூன்று பெயரிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது, கொஞ்சம் தெரிந்தவர்கள் கென் நார்ட்டனையும் லாரி ஹோம்ஸையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அடுத்த படியில் நின்ற ஜெர்ரி குவாரி, ரான் லைல், எர்னி ஷேவர்ஸ் மூவரையும் "நல்ல ஆளுங்கதான், ஆனா சாம்பியன் ஆகல" என்று ஒரே மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. மூவருமே பெரிய வெற்றியும் விளங்காத தோல்வியுமாக மாறி மாறி வந்தவர்கள்தான், ஆனால் ஒவ்வொருவர் சறுக்கியதற்கும் காரணம் வேறு.

இவர்களை ஒப்பிட ஒரு பெரிய வசதி, மூவரும் தங்களுக்குள்ளேயே மோதியிருக்கிறார்கள். 1973 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவாரி, அதுவரை ஆடிய 19 சண்டைகளிலும் தோற்காத லைலை 12 ரவுண்டில் புள்ளிக் கணக்கில் தெளிவாக ஜெயித்தார். அதே வருடம் டிசம்பரில் அதே அரங்கில் ஷேவர்ஸை முதல் ரவுண்டிலேயே முடித்தார். 1975 செப்டம்பரில் டென்வரில் லைல், இரண்டாவது ரவுண்டில் ஷேவர்ஸின் இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) தரையில் விழுந்து, எழுந்து, ஆறாவது ரவுண்டில் ஷேவர்ஸைச் சாய்த்தார். ஆக மேலே குவாரி, நடுவில் லைல், கீழே ஷேவர்ஸ். இந்தக் கணக்கோடு நிறுத்திவிட்டால் வேலை சுலபம், ஆனால் உலகப் பட்டத்துக்கு மிக அருகில் போனவர் யார் என்று கேட்டால் இதே வரிசை அப்படியே தலைகீழாகிவிடும், அதுதான் எனக்கு இவர்களிடம் பிடித்த விஷயம்.

ஷேவர்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் விஷயத்தில் குழப்பம் குறைவு. வலது கை. அவ்வளவுதான். எழுபதுக்கு மேற்பட்ட வெற்றிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவை மட்டுமே நாக்அவுட் இல்லாமல் வந்தவை. அவரிடம் அடி வாங்கியவர்களைக் கேட்டால் தங்கள் வாழ்நாளில் வாங்கியதிலேயே கனமான அடி அதுதான் என்பார்கள், அலியும் ஹோம்ஸும் உட்பட. ஆனால் கையுறை மாட்டவே இருபது வயது தாண்டித்தான் வந்தார், பொறுமையாக ரவுண்டு ரவுண்டாகப் புள்ளி சேர்க்கும் கலை அவருக்குக் கடைசி வரை முழுதாகக் கைவரவில்லை. முதல் நான்கு ரவுண்டைத் தாண்டிவிட்டால் ஷேவர்ஸைச் சமாளிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுவார். 1973 ஜூனில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸை ஒரே ரவுண்டில் படுக்க வைத்தவர், ஆறு மாதத்தில் குவாரியிடம் ஒரே ரவுண்டில் படுத்தார். அடுத்த வருடம், தான் முன்பு மூன்றே ரவுண்டில் முடித்த ஜிம்மி யங்கோடு பத்து ரவுண்டு ஆடி டிரா. அவருடைய வரைபடம் முழுக்க இப்படித்தான்.

ஆனாலும் அவருக்கு இரண்டு இரவுகள் உண்டு, அந்த இரண்டுக்காகவே அவரை மறக்கக்கூடாது. முதலாவது 1977 செப்டம்பர் 29, மேடிசன் ஸ்கொயர் கார்டன், எதிரே 35 வயது அலி. இரண்டாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை இறங்கியதும் அலியின் கால்கள் நிஜமாகவே தள்ளாடின. அலி என்ன செய்தார் தெரியுமா, அடிபட்டதை மறைக்காமல் அதை இன்னும் பெரிதாக்கி, வேண்டுமென்றே தள்ளாடுவது போலக் காட்டினார். ஷேவர்ஸ் தயங்கினார். இது பொறி, உள்ளே போனால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்துவிட்டார். அந்தச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். மறுபுறம், என்.பி.சி. தொலைக்காட்சி அன்று ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நடுவர்களின் மதிப்பெண்ணைத் திரையில் போட்டது, அலியின் ஆட்கள் அதைப் பார்த்து ரிங் மூலையில் இருந்த அவருடைய பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் எங்கே ஓய்வெடுக்கலாம் என்று அலிக்குத் தெரிந்திருந்தது. 15 ரவுண்டு முடிவில், ஜெயித்த ரவுண்டுகளின் கணக்கில் அலிக்குச் சாதகமாக 9-6, 9-6, 9-5. பதினைந்து ரவுண்டும் நின்று ஆடினார் ஷேவர்ஸ், மூச்சு வாங்குபவர் என்ற பெயருக்கு அன்று மட்டும் அவர் பதில் சொன்னார்.

இரண்டாவது 1979 செப்டம்பர் 28, லாஸ் வேகாஸ். ஆறு மாதம் முன்பு நார்ட்டனை ஒரே ரவுண்டில் வீழ்த்தியதால் வந்த வாய்ப்பு. ஏழாவது ரவுண்டில் மேலிருந்து வந்த ஒரு வலது கை, லாரி ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். விழுந்த விதத்தைப் பார்த்தால் எழ வாய்ப்பே இல்லை என்றுதான் தோன்றும். எழுந்தார். பதினொன்றாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது, ஹோம்ஸ் ஜெயித்தார். மூவரில் வேறு யாரும் பட்டச் சண்டையில் ஒரு சாம்பியனைத் தரையில் போட்டுவிட்டுப் பத்து வரை எண்ணி முடியக் காத்து நின்றதில்லை, அந்த வகையில் ஷேவர்ஸ்தான் பட்டத்துக்கு மிக நெருக்கமாகப் போனவர்.

அடுத்து லைல். இவர் கதையில் குத்துச்சண்டையே பாதியில்தான் வருகிறது. டென்வரில் வளர்ந்தவர், பத்தொன்பது வயதில் கொலை வழக்கில் தண்டனை பெற்றுக் கொலராடோ சிறைக்குப் போனார், உள்ளே கத்திக்குத்து பட்டுச் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார், குத்துச்சண்டை கற்றதும் அங்கேதான். 1941இல் பிறந்த லைல் அலியைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1964இல் அலி சோனி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது லைல் கம்பிக்குப் பின்னால் இருந்தார். 1971 மார்ச்சில் அலியும் ஃப்ரேசியரும் முதல் தடவை மோதினார்கள், அதற்கு அடுத்த மாதம்தான் லைல் தன் முதல் தொழில்முறைச் சண்டையை ஆடினார், முப்பது வயதில்! மற்றவர்கள் ஏழெட்டு வருடத்தில் அடிபட்டுக் கற்றதை இவர் இரண்டு வருடத்தில் கற்க வேண்டியிருந்தது. குவாரியிடம் தோற்ற இரவில் அதுதான் தெரிகிறது. பலத்தில் குறை எதுவும் இல்லை, ஆனால் எதிராளி ஒரு அடி முன்னால் யோசிக்கும்போது அதற்கு மாற்று வழி அவரிடம் இல்லை.

ஆனால் லைல் கற்றுக்கொண்டார். 1975 மே 16 லாஸ் வேகாஸில் அலிக்கு எதிரான பட்டச் சண்டையைப் பாருங்கள். கயிற்றில் சாய்ந்துகொண்டு "வா, வந்து அடி" என்று அலி அழைக்கிறார், ஆறரை மாதம் முன்பு ஃபோர்மன் விழுந்த அதே குழி. லைல் போகவே இல்லை, ரிங்கின் நடுவில் நின்று நீ இங்கே வா என்று காத்திருந்தார். பத்து ரவுண்டு முடிவில் மதிப்பெண்ணில் லைல்தான் முன்னால் இருந்தார். பதினொன்றாவதில் அலியின் வலது கை சரியாக விழுந்தது, பின்னாலேயே ஒரு சரமாரி, நடுவர் நிறுத்திவிட்டார். சீக்கிரம் நிறுத்திவிட்டார் என்று லைலின் தரப்பு சண்டை போட்டது, எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைல் பதிலே கொடுக்காமல் அடி வாங்கிக்கொண்டிருந்தார், இன்னும் விட்டிருந்தால் அவருக்குத்தான் ஆபத்து. இருந்தாலும் பத்து ரவுண்டு வரை உலகச் சாம்பியனை யோசிக்க வைத்து முன்னால் நின்றது ஷேவர்ஸின் ஒற்றை அடியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதிலும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. அலி சண்டைக்கு மூன்று மாதம் முன்புதான் லைல் ஜிம்மி யங்கிடம் தோற்றிருந்தார், 1976 நவம்பரில் மறுபடி அதே யங்கிடம் தோற்றார். நழுவி நழுவி ஆடுபவர்களைப் பிடிக்க லைலுக்குக் கடைசி வரை தெரியவில்லை. நின்று அடிப்பவர்கள் வந்தால் கதையே வேறு, 1976 ஜனவரியில் ஃபோர்மனோடு ஆடியது அந்த வருடத்தின் சிறந்த சண்டை என்று 'தி ரிங்' பத்திரிகையின் விருது வாங்கியது. நான்காவது ரவுண்டில் லைல் ஃபோர்மனைக் கீழே போட்டார், ஃபோர்மன் எழுந்து லைலைக் கீழே போட்டார், ரவுண்டு முடியும் நேரத்தில் லைல் மறுபடி ஃபோர்மனைக் கீழே போட்டார். ஐந்தாவதில் லைல் முகம் குப்புற விழுந்ததோடு முடிந்தது. அந்த நான்காவது ரவுண்டைப் போல ஹெவிவெயிட் வரலாற்றில் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும்.

இப்போது குவாரி. மூவரில் என்னை அதிகம் வருத்துபவர் இவர்தான். கலிஃபோர்னியாக்காரர், 1965 தேசிய கோல்டன் குளோவ்ஸ் அமெச்சூர் போட்டியில் ஐந்து சண்டை, ஐந்தும் நாக்அவுட். 53 வெற்றி, 9 தோல்வி, 4 டிரா. அந்த ஒன்பது தோல்வியைப் பிரித்துப் பாருங்கள்: அலியிடம் இரண்டு, ஃப்ரேசியரிடம் இரண்டு, நார்ட்டனிடம் ஒன்று, எல்லிஸிடம் ஒன்று. ஆறு தோல்வி ஏதோ ஒரு காலத்தில் சாம்பியனாக இருந்தவர்களிடம்.

அவருடைய இயல்பான ஆட்டம் எதிராளி கை வீசும் வரை காத்திருந்து, அந்தக் கை திரும்பும் முன் உள்ளே புகுந்து அடிப்பது, கவுண்டர் பஞ்ச். அதில் அவருக்கு நிகர் அந்தக் காலத்தில் ரொம்பக் குறைவு. 1970 ஜூனில் மாக் ஃபாஸ்டர், 24 சண்டை, 24 நாக்அவுட் என்று வந்தார், குவாரி ஆறாவது ரவுண்டில் அவரை ரிங்கை விட்டே வெளியே சாய்த்துவிடுவார் போல அடித்து முடித்தார். லைல், ஷேவர்ஸ் இருவரையும் ஜெயித்ததும் இந்தப் பாணியில்தான். ஆனால் எந்த இரவில் எப்படி ஆட வேண்டும் என்ற முடிவு மட்டும் அவருக்குத் தொடர்ந்து தப்பியது. அலியின் பட்டம் பறிக்கப்பட்டபின் உலகக் குத்துச்சண்டைச் சங்கமான டபிள்யூ.பி.ஏ. நடத்திய எட்டுப் பேர் போட்டியில், ஃபிளாய்ட் பேட்டர்சனையும் தாட் ஸ்பென்சரையும் தாண்டி இறுதிக்கு வந்தார், 1968 ஏப்ரல் 27, ஓக்லாந்து, எதிரே எல்லிஸ். முன்னேறி அடிக்க வேண்டிய அந்த இரவில் காத்துக்கொண்டே இருந்தார், எல்லிஸும் வரவில்லை, பதினைந்து ரவுண்டு அப்படியே கரைந்தது, பெரும்பான்மைத் தீர்ப்பில் (இரண்டு நடுவர்கள் ஒருவருக்கு, மூன்றாமவர் சமம் என்பது) பட்டம் எல்லிஸுக்குப் போனது. அடுத்த வருடம் ஜூனில் ஃப்ரேசியர், காத்திருந்து அடிக்க வேண்டிய ஆள் அவர், குவாரியோ முதல் மணியிலிருந்தே மார்போடு மார்பு மோதினார். முதல் ரவுண்டு அற்புதம், அரங்கமே எழுந்து நின்றது, அப்புறம் கண்ணுக்குக் கீழே தோல் கிழிந்தது, ஏழாவது ரவுண்டோடு மருத்துவர் நிறுத்தினார். அதுவும் 'தி ரிங்' விருது வாங்கிய சண்டைதான், ஆனால் பட்டம் இல்லை.

அந்த வருடக் கடைசியில் ஜார்ஜ் சுவாலோவோடு நடந்தது இன்னும் கொடுமை. குவாரி முன்னால் இருக்கிறார், சுவாலோவின் கண் வீங்கி மூடுகிறது. ஏழாவது ரவுண்டின் கடைசி விநாடிகளில் ஒரு ஹூக், குவாரி விழுந்து உடனே எழுந்துவிட்டார், பிறகு மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று மறுபடி ஒரு முழங்காலில் உட்கார்ந்தார், எண்ணிக்கையைக் கோட்டை விட்டார். பத்து எண்ணி முடித்தபோது ரவுண்டு முடிய ஒரே ஒரு விநாடி பாக்கி.

தோல் சீக்கிரம் கிழிவது அவர் தப்பில்லை. 1970 அக்டோபரில் அட்லாண்டாவில், மூன்றரை வருடத் தடைக்குப் பிறகு திரும்பி வந்த அலியை முதலில் எதிர்கொண்டவர் குவாரிதான், மூன்றே ரவுண்டில் புருவத்துக்கு மேல் கிழிந்து நிறுத்தப்பட்டது. "வெள்ளையர்களின் நம்பிக்கை" என்று விளம்பரக்காரர்கள் அவர் கழுத்தில் மாட்டிய பலகையும் அவர் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் 1973இல் லைலையும் ஷேவர்ஸையும் ஜெயித்து உச்சத்தில் இருந்தவருக்கு அப்போதைய சாம்பியன் ஃபோர்மனோடு சண்டை அமையவே இல்லை, மறுபடி ஃப்ரேசியரிடம் போய் ஐந்து ரவுண்டில் நொறுங்கினார். 1992இல், உரிமக் கட்டுப்பாடு இல்லாத கொலராடோவில், 47 வயதில் மறுபடி ரிங்கில் ஏறினார். தலையில் வாங்கிய அடிகள் அதற்குள் நினைவைத் தின்ன ஆரம்பித்திருந்தன. 1999 ஜனவரியில் இறந்தபோது வயது 53.

என் தீர்ப்பு இதுதான். அடியின் பலத்தில் ஷேவர்ஸ், பக்கத்தில் யாருமே இல்லை. தாமதமாக வந்து சாதித்ததில் லைல், இருபது வயதில் ஆரம்பித்திருந்தால் ஒரு சாம்பியன் பெல்ட் நிச்சயம் என்று நம்புகிறேன். ஆனால் முழுமையான குத்துச்சண்டை வீரர் குவாரிதான், அவர் தவறவிட்டதுதான் பெரிய நஷ்டமும்கூட. மற்ற இருவரும் தங்களிடம் இருந்ததைக் கிட்டத்தட்ட முழுதாகச் செலவழித்தார்கள், அதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. குவாரிக்கு 1968 ஓக்லாந்து இரவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எல்லிஸ் அலியும் இல்லை, ஃப்ரேசியரும் இல்லை.

மூவரையும் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் பட்டச் சண்டைகளிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஃபோர்மன்-லைல், அது யாரையும் உட்கார வைத்துவிடும். அப்புறம் லைல்-ஷேவர்ஸ். அதன் பிறகு குவாரி-ஃபாஸ்டரையும் குவாரி-ஃப்ரேசியர் முதல் சண்டையையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே மனிதர் ஒரு வருட இடைவெளியில் இரண்டு வேறு ஆட்களாக ஆடுவது தெரியும். எல்லிஸ் சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கப் பொறுமை வேண்டும்.