வெயில் வராத வீட்டில் மைக்ரோகிரீன்ஸ்: சில வருட அனுபவம்

சென்னையில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. ஜன்னல் வடக்குப் பார்த்தது, எதிரே பக்கத்து அடுக்குமாடியின் சுவர். தக்காளிக்கும் வெண்டைக்கும் இங்கே வழியே இல்லை. சில வருடங்களாக விடாமல் வளர்வது மைக்ரோகிரீன்ஸ் மட்டும்தான். விதையிலை விரிந்து, அடுத்த இலை எட்டிப் பார்க்கிற பருவத்தில் கத்தரித்துச் சாப்பிடுகிற இளங்கீரை அது. அதுவரை வளரத் தேவையான சத்தில் பெரும்பகுதி விதைக்குள்ளேயே இருப்பதால் உரமும் வேண்டாம், நேரடி வெயிலும் வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கிட் எதுவும் வாங்காதீர்கள். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகும் வெந்தயமும் போதும். உணவு பார்சல் வரும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, இன்னொரு டப்பாவுக்குள் வைத்தால் தட்டு தயார். விளக்கை விட்டால், வாங்க வேண்டியது கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள் மட்டும். 650 கிராம் கட்டி தண்ணீரில் ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்கு உப்பி வரும், பல தட்டுகளுக்குப் போதும். ஊறியதும் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிவது முக்கியம், தேங்காய் நாரில் உப்பு இருக்கும். தண்ணீர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் இலை நுனி கருகியது. குடிக்கிற தண்ணீருக்கு மாறியதும் நின்றுவிட்டது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

கடுகுதான் என் முதல் பரிந்துரை. ஊறவைக்கத் தேவையில்லை. ஓர் அடிக்கு அரை அடித் தட்டில் ஒன்றரை டீஸ்பூன் தூவி, தண்ணீர் தெளித்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துச் சின்னப் பாரம் வைத்தால் இரண்டு மூன்று நாளில் பாரத்தையே தூக்கிக்கொண்டு எழும். திறந்து வெளிச்சத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் அறுவடை. அந்தக் காரம் தயிர்ப் பச்சடிக்கு அபாரமாகப் பொருந்தும். வெந்தயத்தை இரவு ஊறவைத்துப் போட்டால் பத்து நாளுக்குள் கிடைக்கும். கசப்பு மிதமாக இருக்கும், அடை மாவில் கலக்கலாம். முள்ளங்கி கடுகைவிட வேகம். கொத்தமல்லிக்கு மட்டும் பொறுமை வேண்டும். விதையை இரண்டாக உடைத்துப் போட்டாலும் மூன்று வாரம் பிடிக்கும், சித்திரை வெயிலில் சரியாக முளைப்பதே இல்லை. ஆனாலும் மார்கழியில் அதை விடமாட்டேன். ரசத்தை இறக்கியதும் ஒரு பிடி போட்டால் வருகிற வாசனை கடையில் வாங்கும் கொத்தமல்லிக் கட்டில் கிடைப்பதில்லை.

முளைத்ததும் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் பூஞ்சை என்று தட்டையே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வேர்த்தூவி, வேரின் மேல் இருக்கும் மெல்லிய இழைகள். தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும். பூஞ்சை மறையாது. சிலந்தி வலைபோல தண்டுகளுக்கு இடையே படரும், ஊசல் வாடையும் வரும். அது வந்தால் முழுத் தட்டையும் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் இந்தத் தொல்லை. அந்த இரண்டு மாதமும் விதையை வழக்கத்தில் முக்கால் பங்காகக் குறைத்து, தண்ணீரை மேலே தெளிக்காமல் அடித்தட்டில் ஊற்றி, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைக்கிறேன். பயன்படுத்திய கோகோபீட்டில் மறுபடி விதைப்பதும் இல்லை. அதில் சின்னச் சின்ன ஈக்கள் வரும்.

விளக்குக்கு 20 வாட் எல்இடி டியூப் ஒன்று, தட்டுக்கு ஓர் அடி உயரத்தில். தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்தான். அது இல்லாவிட்டால் தண்டு வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

மைக்ரோகிரீன்ஸில் முதிர்ந்த கீரையைவிட ‘40 மடங்கு’ சத்து என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அமெரிக்காவில் 25 வகைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில் இருந்து வந்தது அது. சிவப்பு முட்டைக்கோஸின் இளநாற்றில் முதிர்ந்ததைவிட வைட்டமின் ஈ 40 மடங்கும் வைட்டமின் சி ஆறு மடங்கும் இருந்தன. ஒரு பயிரின் ஒரு வைட்டமினுக்கான கணக்கை நம் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் அப்படியே போடுவது சரியல்ல. அதோடு, நாம் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது ஒரு கைப்பிடி. நாலு பேர் வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல் செய்கிற வேலையை இது செய்யாது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கீரை வாங்குவது இன்றும் நிற்கவில்லை. பச்சையாக, வெட்டிய நிமிடத்தில் சாப்பிடக் கிடைக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடும்.

விதை வாங்கும்போது மட்டும் கண்டிப்பாக இருங்கள். வயலில் விதைப்பதற்கு விற்கும் பாக்கெட்டில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், பெரும்பாலும் இளஞ்சிவப்பு போல நிறம் ஏற்றியிருக்கும். அது சாப்பாட்டுக்கு ஆகாது. தக்காளி, கத்தரி நாற்றுகளை இப்படிச் சாப்பிடக்கூடாது, நச்சு உண்டு. மிளகாய் நாற்றையும் தவிர்த்துவிடுங்கள். ராஜ்மா முளையையும் பச்சையாகத் தொடாதீர்கள். பச்சைப்பயறு நல்லது, ஆறு ஏழு நாளில் வெட்டிவிடுங்கள், தாமதித்தால் தண்டு நாராகிவிடும்.