மூன்று கட்டம் போட்டுக் காட்டிய கணக்காளர்

லண்டன் ஹாரோவில் என் சிறு மின்பணி நிறுவனத்துக்கு நான் ஒருவன்தான் இயக்குநர், ஊழியரும் நானே. முன்பிருந்த கணக்காளர் ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்து வாங்குவதோடு சரி. வீட்டுச் செலவுக்காக நிறுவனக் கணக்கிலிருந்து நான் எடுத்த 14,000 பவுண்டு, இயக்குநர் கடனாகவே நின்றது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அதை அடைக்காவிட்டால் நிறுவனம் அப்போதைய விகிதப்படி 33.75 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்பதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. 4,725 பவுண்டு கட்டினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடனை அடைத்தபின் அந்த வரியைத் திரும்பக் கோரலாம் என்பதே புதியவர் சொல்லித்தான் தெரிந்தது.

புதியவரின் அலுவலகம் ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் இருக்கிறது. முதல் நாளே வெள்ளைத் தாளில் பென்சிலால் மூன்று கட்டம் போட்டார்: சம்பளம், டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரர் எடுக்கும் பங்கு), ஓய்வூதியம். 2025 ஏப்ரல் முதல் 5,000 பவுண்டைத் தாண்டும் சம்பளத்துக்கு நிறுவனம் 15 சதவீதம் தேசியக் காப்பீடு (அரசின் சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயத் தொகை) கட்ட வேண்டும். ஒற்றை இயக்குநர் மட்டுமே சம்பளம் வாங்கும் நிறுவனத்துக்கு அதில் சலுகையும் கிடையாது. ஆனாலும் 12,570 வரை சம்பளமாக எடுங்கள் என்றார். காப்பீட்டுக்குப் போவது சுமார் 1,135 பவுண்டு. சம்பளம் நிறுவனத்தின் செலவாகக் கழிவதால் நிறுவன வரியில் மிச்சமாவது அதைவிட அதிகம். அந்தக் கணக்கை என் கையாலேயே போடவைத்தார். டிவிடெண்டில் வரியில்லாத பகுதி வெறும் 500 பவுண்டுதான் என்பதையும் மறைக்கவில்லை.

மாதம் 95 பவுண்டு கட்டணம். ஜனவரியில் தொலைபேசியில் பிடிப்பது கடினம். கேள்விகளை நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். அந்தப் பென்சில் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.