ஜிம்ப் 3.0-இல் லேயர் மாஸ்க்: எதற்குப் போதும், எங்கே இடிக்கும்

2025 மார்ச்சில் வெளிவந்த இலவசப் படத்திருத்த மென்பொருளான ஜிம்ப் 3.0-ஐ மாஸ்க் வேலைக்காக, அதாவது படத்தின் ஓர் அடுக்கில் (லேயர்) எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்காக மட்டும் எடை போட்டால், ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாதவர்கள் தாராளமாக நம்பி இறங்கலாம். பெரிய குறை ஒன்று உண்டு. அதற்கு வருவோம்.

இதன் பலம் 'ஆட் லேயர் மாஸ்க்' பெட்டியில் இருக்கிறது. வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி தெரியவிடும். இதெல்லாம் எல்லா மென்பொருளிலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாக 'கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர்' என்ற தேர்வு இருக்கிறது. வெளிறிய வானத்தைச் சரிசெய்ய அருமையான வழி இது. லேயரை நகலெடுத்து, நகலுக்கு இந்த மாஸ்க்கைப் போடுங்கள். பிறகு படத்தின் சிறுபடத்தைச் சொடுக்கி, வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவியில் கோட்டை இறக்குங்கள். வெளிச்சமான இடங்கள் இருளும், நிழல்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 'இன்வெர்ட் மாஸ்க்' என்பதையும் டிக் செய்தால் இதையே நிழலைத் தூக்கப் பயன்படுத்தலாம். மேகம் தட்டையாகத் தெரிந்தால் மாஸ்க்கில் நுண்விவரம் அதிகம் என்று பொருள். அந்த மாஸ்க்கைக் காஸியன் பிளரில் 20 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினால் சரியாகும். அளவு மிஞ்சினால் மலைவிளிம்பில் ஒளிவட்டம் வந்துவிடும். முழுவதும் 255 என்ற உச்ச வெளிச்ச அளவைத் தொட்டு வெளுத்த வானத்தில் மீட்க எதுவும் இல்லை, சாம்பல்தான் கிடைக்கும்.

தலைமுடியைப் பிரிக்க, ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவியால் தேர்ந்து, மாஸ்க் பெட்டியில் 'செலக்‌ஷன்' கொடுங்கள். முடியோரம் பழைய பின்னணி நிறம் ஒட்டியிருந்தால், மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து லெவல்ஸில் கறுப்பு முனையை 0-இலிருந்து 30 வரை நகர்த்துங்கள். அதற்கு மேல் போனால் மெல்லிய இழைகள் காணாமல் போகும்.

கறுப்புப் பிரஷ் படத்தின் மேலேயே பூசினால், மாஸ்க்குக்குப் பதில் லேயர் தேர்வாகியிருக்கிறது என்று அர்த்தம். எந்தச் சிறுபடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இருக்கிறது என்று பாருங்கள். பிரஷ் எதுவுமே செய்யாவிட்டால், மறந்துபோன செலக்‌ஷன் ஒன்று இருக்கும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அதை நீக்கும். அதுவும் இல்லையென்றால் லேயரின் எல்லைக்கு வெளியே தீட்டுகிறீர்கள். 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தால் தீரும். மாஸ்க்கைத் தனியாகப் பார்க்க அதன் சிறுபடத்தின் மேல் ஆல்ட்+சொடுக்கு. லினக்ஸில் சில டெஸ்க்டாப்கள் இந்தச் சொடுக்கைச் சாளரத்தை நகர்த்தப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே லேயர் மெனுவின் 'ஷோ லேயர் மாஸ்க்' உதவும்.

இனி அந்தக் குறை. ஃபோட்டோஷாப்பில் மாஸ்க்கின் ஃபெதரை (விளிம்பு எவ்வளவு மென்மையாக மங்குகிறது என்ற அளவை) பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஜிம்ப் 3.0-இல் லேயருக்குப் போடும் ஃபில்டர் பின்னாலும் திருத்தக்கூடியதாக நிற்கிறது. மாஸ்க்குக்குப் போட்டதோ உடனே பதிந்துவிடுகிறது. 3.0 கொண்டுவந்த நல்ல வசதி சரியாக இந்த இடத்தில் கைவிடுவது உண்மையிலேயே வருத்தம். மாற்றுவழி: மங்கலாக்கும் முன் 'மாஸ்க் டு செலக்‌ஷன்', பிறகு 'சேவ் டு சேனல்' கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; தேவைப்பட்டால் அந்தச் சேனலிலிருந்தே புது மாஸ்க் போடலாம்.

ஒரு லேயருக்கு ஒரு மாஸ்க்தான். இரண்டாவது வேண்டுமென்றால் லேயரை ஒரு குரூப்புக்குள் வைத்து, குரூப்புக்கு மாஸ்க் போடுங்கள். கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவே சேமியுங்கள். ஜேபெக்கில் லேயரும் தங்காது, மாஸ்க்கும் தங்காது.