‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’: தனியாகவா, கூட்டமாகவா?

2012-இல் வந்த இந்தப் படத்தைப் பற்றி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நண்பர்களிடையே இன்னும் சண்டைதான். பாதிப்பேர் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள். மீதிப்பேர் பாதியிலேயே நிறுத்தியவர்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்பேன்.

தனியாகக் கைப்பேசியில் பார்த்தால், கல்யாணத்துக்கு முன் கிரிக்கெட்டில் அடிபட்டு அண்மைய நினைவுகளை மறந்துபோன விஜய் சேதுபதி ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது அலுப்புத்தான். படமும் நீளம்.

கூட்டமாகப் பார்த்தால் அதே வசனத்தை அறையே சேர்ந்து சொல்லும். வரவேற்பு மேடையில் மணப்பெண்ணைப் பார்த்து அவர் மிரள, நண்பர்கள் சிரித்த முகத்தோடு சமாளிக்கும் இடத்தில் என் அத்தை தே தாரிக் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம் குமாருக்கு உண்மையாகவே நடந்த கதை என்று சொன்னதும் இன்னும் கவனமாகப் பார்த்தார்.

பிரம்மாண்டம் தேடுகிறவர்களுக்கு எப்படியும் ஒத்துவராது. மற்றவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.