"புது அப்டேட் சார், அப்படித்தான் இருக்கும்" என்றால் நம்பாதீங்க

நாகர்கோவில் பக்கம் அடாஸ் (ரோட்டைப் பார்த்துத் தானே பிரேக் போட்டு, லேன் பிடித்து ஓட்டுநருக்கு உதவும் வசதி) உள்ள கார் வைத்திருப்பவர்கள், அதிலும் முன்கண்ணாடி மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள், இதை வாசித்துவிட்டுப் போங்க. செய்யாத கலிப்ரேஷனுக்கு (கேமரா சரியான கோணத்தில் பார்க்கும்படி அமைக்கும் வேலை) என்னிடம் 6,490 ரூபாய் வாங்கினார்கள். கார் கோளாறாக ஓடத் தொடங்கியதும் பழியைத் தூக்கி சாஃப்ட்வேர் அப்டேட் மேல் போட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் சர்வீஸ் சென்டர் பெயரை இங்கே போடவில்லை.

கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு போகிற டாரஸ் லாரிகள் பின்னால் போய்ப் பழகியவர்களுக்கு ஆரம்பக் கதை சொல்லவே வேண்டாம். தக்கலை தாண்டி ஒரு கல் தெறித்தது, கண்ணாடியில் குறுக்கே விரிசல். இன்சூரன்சில் மாற்றக் கொடுத்தேன். வண்டி எடுக்கப் போனால் பில்லில் தனியாக ஒரு வரி: அடாஸ் கேமரா கலிப்ரேஷன், 5,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. "இது கிளெய்ம்ல வராது சார், நீங்கதான் கட்டணும்" என்றார் அட்வைசர். "புது சாஃப்ட்வேரும் போட்டாச்சு. அது ஃப்ரீ." அப்டேட் போடட்டுமா என்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் வைத்திருந்த செட்டிங் எல்லாம் போய், கம்பெனி செட்டிங் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளி குறைந்திருந்தது. லேன் விலகினால் பீப் மட்டும் அடிக்கும்படி வைத்திருந்தேன். அது ஸ்டியரிங்கையே திருப்பும்படி மாறியிருந்தது. சரி, அப்டேட் போட்டால் இப்படி ஆவதுண்டு. மாற்றிக்கொண்டேன். அதில் எனக்குப் புகார் இல்லை.

உண்மையான கோளாறு தெரிந்தது காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் வரும் நான்குவழிச் சாலையில். முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் பக்கம் வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிடுவார்களே, அன்றைக்கும் ஒரு வேன் நின்றது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒழுங்காகத்தான் நின்றது. நான் இடது லேனில் க்ரூஸ் (வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி) போட்டு 80-ல் வருகிறேன். கார் என்ன நினைத்ததோ, வேன் நேர் எதிரில் நிற்பது மாதிரி பிரேக் போட்டுவிட்டது. பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் வலப்பக்கம் ஒடித்து, ஹாரனிலிருந்து கை எடுக்காமல் தாண்டிப் போனார். அந்த வண்டியின் ஐஸ் தண்ணீர் எங்கள் கண்ணாடியில் தெறித்தது. பின்சீட்டிலிருந்து அம்மா, "என்னத்துக்கு மக்கா இப்படிச் சவுட்டுத?" என்றாள். என் கால் பிரேக்கில் இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு கவனித்தால், கார் லேனுக்கு நடுவில் ஓடவில்லை. வலது கோட்டை உரசிக்கொண்டே போகிறது. நான் இடப்பக்கம் இழுத்தால் முரண்டு பிடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஆடுவது ஊரறிந்த விஷயம், அதைச் சொல்லவில்லை. காற்றே இல்லாத இடத்திலும் இதே இழுப்பு.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "புது சாஃப்ட்வேர் இல்லையா சார், கொஞ்சம் சென்சிட்டிவாதான் இருக்கும். ஓட ஓட வண்டியே படிச்சுக்கும்." கொஞ்சம் குரலை உயர்த்தினதும் அடுத்த பதில் வந்தது: "டிரைவர்தான் பொறுப்புன்னு மேனுவல்லயே போட்டிருக்குல்ல?" போட்டிருக்கிறதுதான். இது லெவல் 2, அதாவது கார் உதவி மட்டும்தான் செய்யும், கை ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும், கண் ரோட்டில் இருக்கவேண்டும். அதற்காகச் செய்யாத வேலைக்குப் பில் போடலாம் என்று எந்த மேனுவலிலும் இல்லை.

இனி கலிப்ரேஷன் என்றால் என்ன என்று பார்ப்போம், ஏமாற்றுகிற இடமே அதுதான். உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டி ஒரு கேமரா இருக்கிறது. என் காரில் லேன் கோட்டையும் முன்னால் நிற்பதையும் பெரும்பாலும் அதுதான் பார்க்கிறது. கண்ணாடியை மாற்றும்போது அதைக் கழற்றி மாட்டுவார்கள். மாட்டுகையில் இடப்பக்கம் ஒரே ஒரு டிகிரி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் தூரத்தில் இருப்பதெல்லாம் சுமார் 1.75 மீட்டர் வலப்பக்கம் தள்ளித் தெரியும். லேன் அகலமே 3.5 மீட்டர்தான். ஓரத்தில் நிற்கிற வேன் நம் லேனுக்குள் வந்துவிடும், லேனின் நடு வலப்பக்கம் நகர்ந்துவிடும். எனக்கு நடந்த இரண்டுக்கும் கணக்கு இதுதான். இன்னொன்று, மாறியது கண்ணாடி, கேமரா பழையதேதான். அதனால் என் காருக்கு எதுவும் மாறினதாகவே தெரியவில்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

இதைச் சரிசெய்ய வழி இரண்டு. மட்டமான தரையில் காரை நிறுத்தி, முன்னால் அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்துச் செய்வது ஒன்று. காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேன் டூலை மாட்டி, கோடு தெளிவாக உள்ள ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. "பலகையைக் காட்டுங்க" என்றேன். பலகை இல்லை. "ஓட்டித்தான் பண்ணினோம்" என்றார்கள். ஜாப் கார்டை எடுத்தேன். வண்டி உள்ளே போனபோது 23,418 கிலோமீட்டர், வெளியே வந்தபோது 23,420. அந்த இரண்டு கிலோமீட்டரில் வடசேரி நெரிசலைத் தாண்டி எந்த ரோட்டில், எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்று கேட்டேன். மேனேஜர் போன் பேச எழுந்து போனவர் திரும்பி வரவில்லை.

திருநெல்வேலியில் வேறொரு சென்டரில் கொடுத்தேன். டயர் காற்றைச் சரிபார்த்து, டேப் பிடித்து அளந்து, பலகையை நிறுத்திச் செய்தார்கள். செய்வதற்கு முன் கேமரா கோணம் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பிரிண்ட் கொடுத்தார்கள். முன் இருந்த கோணம் அனுமதித்த அளவுக்கு வெளியே. "அங்க பண்ணல" என்று எழுதித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். தொழில் மரியாதையாம். இப்போது முப்பந்தலில் எத்தனை வேன் நின்றாலும் கார் கண்டுகொள்வதில்லை, லேன் நடுவிலேயே போகிறது. அப்டேட் போட்ட சாஃப்ட்வேர் அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை.

ஆகவே கண்ணாடி மாற்றினால் கலிப்ரேஷன் பிரிண்ட் கையில் வராமல் அந்த வரிக்குப் பணம் கட்டாதீங்க. வண்டி விடும்போதே மீட்டரையும், செட்டிங்கில் தெரியும் சாஃப்ட்வேர் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க, எடுக்கும்போது மறுபடியும் எடுங்க. அப்டேட் போட்டால் என்ன மாறுகிறது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்க. எழுதாவிட்டால் போட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மார்த்தாண்டம் பக்கம் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்குக் கோளாறு லேசில் தெரியாது, கோடு அழிந்த ரோட்டில் லேன் பிடிக்கும் வசதி தானாகவே கைவிட்டுவிடும். நான்குவழிச் சாலைக்கு வந்த பிறகுதான் வெளிப்படும்.

புகாருக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை.

நான் 1915-ல் பதிந்த பிறகு சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. 6,490 ரூபாய்க்கு அடுத்த சர்வீசில் கழித்துக்கொள்ளும் கூப்பன் தருகிறார்களாம், புகாரை மட்டும் முடித்துவிட வேண்டுமாம். அந்த வாசல் பக்கம் மறுபடியும் வண்டியை விடுவதாக இல்லை, பணமாகத் தாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். வராவிட்டால் ஆணையத்தில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.