ரிட்டர்ன் டக்ட்டுக்கு மாஸ்டிக்: தூசிக்குச் சரி, 'டொம்' சத்தத்துக்கு இல்லை

கனடா, அமெரிக்காவின் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் ரிட்டர்ன் டக்ட் (அறைக் காற்றை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குத் திரும்ப இழுத்துவரும் வழி) பெரும்பாலும் தரையைத் தாங்கும் இரண்டு மரச்சட்டங்களுக்கு அடியில் தகரம் அடித்ததுதான். அது உறிஞ்சும் பக்கம். இடுக்கு எங்கிருந்தாலும் தூசியை இழுக்கும். யூ.எல். 181 (டக்ட் பொருட்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரையுள்ள, காயும் முன் தண்ணீரில் கரையும் மாஸ்டிக் என்ற கெட்டியான அடைப்புப் பூச்சு இதற்கு நன்றாகவே உழைக்கிறது. துணி டேப் வேண்டாம், பசை காய்ந்து ஓரம் சுருண்டுவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பிரஷ்ஷால் சுமார் 2 மி.மீ. கனத்துக்குப் பூசுங்கள். 6 மி.மீ.க்கு மேலான இடைவெளியில் ஃபைபர்கிளாஸ் வலை வைக்காமல் பூசினால் காயும்போது விரிசல் விடும். ஃபில்டர் செருகும் வாயைப் பூசி அடைத்துவிடாதீர்கள். அங்கே காந்த மூடி போதும்.

இடுக்கு வழியே வரும் சீழ்க்கைச் சத்தம் அடங்கும். ஃபர்னஸ் நிற்கும்போது தகரம் 'டொம்' என்று அடிப்பது அடங்காது. அதற்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு திருக வேண்டும். மாஸ்டிக் பூசக் கையுறை அவசியம். சட்டையில் பட்டுக் காய்ந்தால் சட்டை போச்சு.